மூன்று அடுக்கும் மூவடுக்கும்

உலகத்தில் இருக்கிற அத்தனை பொருள்களையும் இரண்டே வகைக்குள் அடக்கிவிட்ட மனிதர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். ஒரு வகை, மூவடுக்கு. இன்னொரு வகை, மூவடுக்கு இல்லாதது. மலை, கடல், மனிதர்கள், மாவட்ட ஆட்சியர், மத்தியானச் சாப்பாடு எல்லாம் இரண்டாம் வகையில் வந்துவிடுவதால் அவற்றில் அவருக்குப் பெரிய அக்கறை கிடையாது.

ஒரகடத்தில் ஓர் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் நான் ஆறு வருடம் வேலை பார்த்தேன். எங்களைச் சுற்றியிருந்தவர்கள் கார், டயர், கண்ணாடி என்று பெரிய பெரிய சமாச்சாரங்களைச் செய்துகொண்டிருந்தார்கள். நாங்கள் அதையெல்லாம் போட்டு அனுப்பப் பெட்டி செய்தோம். கல்யாணத்துக்கு வந்தவர்கள் எல்லாம் பட்டுப்புடவையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது பந்தியில் இலை போடுகிறவனின் நிலைமை. நான் எச்.ஆர். பிரிவில் உதவியாளன். அவர் தரம் பார்க்கும் இன்ஸ்பெக்டர். வயது ஐம்பதை ஒட்டி. ஊர் மணிமங்கலம். வருகைப் பதிவேட்டில் அவருக்கு ஒரு பெயர் இருந்தது. அதைப் பதிவேட்டைத் தவிர வேறு யாரும் பயன்படுத்தியதில்லை. எல்லோருக்கும் அவர் மூவடுக்கு. சிறியவர்களுக்கு மூவடுக்கு அண்ணா.

அந்தப் பெயர் வந்ததற்குக் காரணம் நான்தான். அதைச் சொல்வதற்கு முன் பெட்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மேலே ஒரு தாள், கீழே ஒரு தாள், நடுவில் தகரக் கூரை மாதிரி நெளிந்த ஒரு தாள். மூன்றையும் பசை போட்டு ஒட்டினால் அது மூன்று ப்ளை அட்டை. ஐந்து தாளை ஒட்டினால் ஐந்து ப்ளை. இவ்வளவுதான் விஷயம். இதற்கு மேல் பெட்டியில் ஒன்றும் இல்லை என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

நான் சேர்ந்து இரண்டு மாதம் ஆகியிருக்கும். வாடிக்கையாளர் கம்பெனியிலிருந்து ஆய்வுக்கு வந்த ஒருவர், ‘அறிவிப்புப் பலகைகள் எல்லாம் தொழிலாளர்களுக்குப் புரிகிற மொழியில் இருக்க வேண்டும்’ என்று எழுதிவைத்துவிட்டுப் போய்விட்டார். எச்.ஆரில் தமிழில் கையெழுத்துப் போடுகிறவன் நான் ஒருவன்தான். வேலை என் தலையில் விழுந்தது. குடோனில் மூன்று ப்ளை அட்டை வைக்கிற பகுதியில் ‘த்ரீ ப்ளை ஒன்லி’ என்று ஆங்கிலத்தில் ஒரு போர்டு இருந்தது. இரண்டு நிமிடம்கூட யோசிக்கவில்லை. ‘மூன்று அடுக்கு மட்டும்’ என்று எழுதி, ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரு பெயின்டரை வரவழைத்து, இரண்டடி உயர எழுத்தில் தீட்டவைத்தேன். பார்க்க ஜோராக இருந்தது.

பெயின்ட் காய்வதற்குள் அவர் என் மேசைக்கு வந்துவிட்டார். அதுவரை நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

“சார், இன்னா சார் எழுதிகீறீங்க?”

“ஏன்ணா, என்ன தப்பு?”

“அடுக்குன்னு ஆர்டர் போடுறா மாதிரி கீது சார். மூணே மூணு அடுக்கு, அதுக்கு மேல அடுக்காதன்னு. மூவடுக்குன்னு மாத்துங்க.”

“ரெண்டும் ஒண்ணுதானேண்ணா.”

ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர் நோயாளியின் மனைவியை வெளியே அழைத்துப் பேசுவதற்கு முன் ஒரு பார்வை பார்ப்பார் அல்லவா, அப்படிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் காலை ஷிப்ட் ஆட்கள் உள்ளே வந்தார்கள். போர்டைப் படித்தார்கள். கம்பெனியின் ஆணையை இவ்வளவு விசுவாசமாக நிறைவேற்றிய தொழிலாளர்களை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. ஆள் உயரத்துக்கு மேல் அடுக்கி வைத்திருந்த கட்டுகளை எல்லாம் இறக்கினார்கள். மூன்று மூன்றாகத் தரையில் பரப்பினார்கள். பத்து மணிக்குக் குடோன் நிறைந்தது. பதினோரு மணிக்கு நடைபாதை நிறைந்தது. சரக்கு தூக்குகிற ஃபோர்க்லிஃப்ட் வண்டியை நடுவில் நிறுத்திவிட்டு டிரைவர் கொஞ்சம் கண்ணயர்ந்திருக்கிறார். விழித்தபோது நாலா பக்கமும் அட்டை. வண்டியின் மேல் ஏறி நின்று, “யோவ், நான் உள்ள மாட்டிகினேன்யா!” என்று கத்தினார். அவருக்கு டீயை ஆள் மாற்றி ஆள் கைமாற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். கழிவறைக்குப் போயிருந்த சூப்பர்வைசரின் நிலைமை இன்னும் மோசம். கதவு வெளிப்பக்கம் திறக்கிற கதவு. வெளியே மூன்று அடுக்கு. அவர் உள்ளே இருந்தபடியே போனில் அன்றைய ஓவர்டைம் ஆட்களை முடிவு செய்தார்.

பிளான்ட் ஹெட் வந்தார். திருநெல்வேலிக்காரர். நல்ல உயரம், அதற்குப் பொருத்தமான அகலம்.

“எவம்வே இந்த போர்டை எழுதுனது?”

யாரும் என்னைப் பார்க்கவில்லை. ஏனென்றால் யாருக்கும் தெரியாது. மூவடுக்குக்கு மட்டும்தான் தெரியும். அவர் எனக்கு நேர் எதிரே நின்றுகொண்டிருந்தார்.

“பெயின்டர் தப்பா எழுதிட்டார் சார்” என்றேன்.

வாய் தானாகச் சொல்லிவிட்டது. வீட்டில் அப்போதுதான் குழந்தை பிறந்திருந்தது, வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை என்று காரணம் அடுக்கலாம். அடுக்கினாலும் பொய், பொய்தான். அந்தப் பெயின்டரை இனிக் கூப்பிடவே கூடாது என்று பிளான்ட் ஹெட் சொல்லிவிட்டார். மூவடுக்கு சாக்பீஸை எடுத்துப்போய், போர்டுக்குக் கீழே ‘மூவடுக்கு’ என்று எழுதிவிட்டு, ஒரு கையில் தன் டிபன் கேரியரையும் மறு கையில் ஓர் அட்டைத் துண்டையும் எடுத்துக்கொண்டு தொழிலாளர்கள் நடுவில் போய் நின்றார்.

“இங்க பாருங்க. இந்த கேரியர் மூணு அடுக்கு. இத்த கழட்டறேன். கழண்டுச்சா? சாம்பார் சாம்பாராவே கீதா? பொரியல் பொரியலாவே கீதா? யாருக்கும் ஒண்ணும் ஆவல. அதான் மூணு அடுக்கு. இது வெறும் எண்ணிக்கை.” பிறகு அட்டையை எடுத்தார். “இத்த பிரிக்கிறேன் பாருங்க. பிரிய மாட்டுது. இழுத்தா கிழியுது. மேல் தாளு நடுத் தாளோட சதைய பிச்சிக்கினு வருது. பிரிச்சா மூணும் நாசமாவணும். அதுக்குப் பேருதான் மூவடுக்கு.”

அன்றிலிருந்து அதுவே அவருக்கும் பேரானது.

தமிழ்ப் பண்டிதர் என்று நினைத்துவிடாதீர்கள். ஐ.டி.ஐ. படித்தவர். தமிழில் அவருக்கு அக்கறை இருந்தது இந்த ஒரே ஒரு சொல்லில்தான். “அஞ்சு ப்ளையை என்னன்னு சொல்றதுண்ணா?” என்று ஒருமுறை கேட்டேன். “அஞ்சு ப்ளைன்னு சொல்லிக்கோங்க, எனக்கு இன்னா” என்றார்.

ஆனால் அந்த ஒரு சொல்லுக்காக அவர் உலகத்தையே சோதித்துப் பார்த்தார். வலது கைக் கட்டைவிரல் நகத்தை இதற்கென்றே வளர்த்துவைத்திருந்தார். எந்தப் பொருளைக் கையில் கொடுத்தாலும் நகம் முதலில் மூலையைத் தேடும். கம்பெனி அடையாள அட்டை லேமினேஷன் செய்தது. மேலே பிளாஸ்டிக், நடுவில் காகிதம், கீழே பிளாஸ்டிக். இது எந்த வகை என்ற சந்தேகம் ஒருநாள் கம்பெனி பஸ்ஸில் அவருக்கு வந்துவிட்டது. படப்பையில் ஏறியவர் ஒரகடம் வருவதற்குள் பிரித்துவிட்டார். கேட்டில் செக்யூரிட்டி மறித்தார்.

“கார்டு எங்க?”

“மூணா கீது. எது வோணும்?”

முகம் பிளாஸ்டிக்கோடு போய்விட்டது. பெயர் காகிதத்தில் தங்கிவிட்டது. முகத்தை அனுமதிப்பதா, பெயரை அனுமதிப்பதா என்று தெரியாமல் செக்யூரிட்டி எச்.ஆருக்குப் போன் செய்தார். நான் போய் இரண்டுக்கும் பொறுப்பேற்று உள்ளே கூட்டிவந்தேன். நடக்கிற வழியில் அவர் சந்தோஷமாகச் சொன்னார்: “மூவடுக்குதான் சார். நாசமாப் போச்சு பாருங்க.”

கேன்டீனில் கிரீம் பிஸ்கெட் விவகாரம் வேறு. மேல் பிஸ்கெட், கிரீம், கீழ் பிஸ்கெட். யாரோ ஒருவர் விளையாட்டாகக் கேட்டுவிட்டார், இது மூவடுக்கா மூணு அடுக்கா என்று. பிரித்துப் பார்த்தார்கள். கிரீம் முழுவதும் ஒரு பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. ஒரு பக்கம் சேதமே இல்லாமல் வந்தது, மறுபக்கம் வரவில்லை. கேன்டீன் இரண்டு கட்சியாகப் பிரிந்தது. டீ நேரம் முடிந்து மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. மூவடுக்கு நடுவில் உட்கார்ந்து பாக்கெட் பாக்கெட்டாகப் பிரித்துக்கொண்டிருந்தார். முகம் வெளிறிவிட்டது. மறுநாள் லீவ் போட்டார். அதற்கடுத்த நாள் வந்து, “அது பிஸ்கெட்டப் பொறுத்தது” என்று மட்டும் சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். தோல்வியை அவ்வளவு கண்ணியமாக ஒப்புக்கொண்டவரை நான் பார்த்ததில்லை.

இப்படியே சிரித்துக்கொண்டு ஐந்து வருடம் ஓடியது. பிறகு ஒரு மழைக்காலத்தில் அந்தச் சரக்கு லாட் வந்தது.

பெரிய ஆர்டர். லாரிகள் வாசலில் நிற்கின்றன. மூன்று ப்ளைப் பெட்டிகள் மலைபோல் தயார். இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட்டால் ஏற்றிவிடலாம். மூவடுக்கு ஒரு பெட்டியை எடுத்தார். நகத்தை வைத்தார். மேல் தாள் தலையணை உறை மாதிரி கழன்று வந்தது. ஒரு நூல்கூடக் கிழியவில்லை. இன்னொன்று எடுத்தார். அதுவும் அப்படியே. பதிவேட்டைத் திறந்து, அழகான கையெழுத்தில் எழுதினார்: ‘இது மூவடுக்கு அல்ல. மூன்று அடுக்கு. நிராகரிக்கப்பட்டது.’

பிளான்ட் ஹெட் அதைப் படித்துவிட்டு வந்தார்.

“என்னவே எழுதி வச்சிருக்கீரு? மூணு தாளு இருக்கா இல்லையா?”

“கீது சார்.”

“அப்ப மூணு ப்ளைதானவே?”

“தாளு மூணு கீது சார். ஆனா ஒட்டல. சும்மா பக்கத்துல பக்கத்துல படுத்துக்கினுகீது.”

“லாரி நிக்குது. கையெழுத்துப் போடும்.”

“மூணு அடுக்குன்னு எழுதிக் குடுக்கறேன் சார். மூவடுக்குன்னு போட மாட்டேன்.”

இலக்கணக் காரணத்துக்காக ஒரு லாட்டை நிராகரித்த முதல் இன்ஸ்பெக்டர் தொழில்துறை வரலாற்றில் இவராகத்தான் இருப்பார் என்று பிளான்ட் ஹெட் எல்லாரிடமும் சொல்லிச் சொல்லிக் கொதித்தார். விசாரணைக்கு உத்தரவு போட்டார். மேலதிகாரிக்குக் கீழ்ப்படியாமை. குற்றப்பத்திரிகையைத் தட்டச்சு செய்தவன் நான். நிரூபணமானால் வேலை போய்விடும். ஐம்பதைத் தாண்டிய ஆளை அந்தப் பகுதியில் எந்தக் கம்பெனி எடுக்கும்?

ஞாயிற்றுக்கிழமை மணிமங்கலத்துக்குப் போனேன். அவர் கடைக்குப் போயிருந்தார். அவருடைய மனைவி காபி கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

“அண்ணி, கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க. ஒரு கையெழுத்துதானே? வேலை போயிடப்போவுது.”

“வேலைய வுட்டுடக் கூடாது சார்” என்றார் அவர். எனக்கு உயிர் வந்தது. “வேலைக்குப் போறப்பவே வூட்டுல இந்த கதி. முழு நாளும் வூட்லயே இருந்தார்னா ஒரு சாமான் தேறாது.”

எழுந்துபோய்க் கல்யாண ஆல்பத்தை எடுத்துவந்தார். அட்டை மேல் ரெக்சின், அதற்குள் பஞ்சு, அதற்குள் கெட்டி அட்டை. மூன்றும் தனித்தனியாக ஒரு ரப்பர் பேண்டில் கட்டியிருந்தன. “கல்யாணம் ஆன மறு வருஷம். நான் அம்மா வூட்டுக்குப் போய் வர்றதுக்குள்ள. இன்னா சார் பண்றது? திட்டினேன். ‘மூவடுக்கு இல்லம்மா, போட்டோக்காரன் உன்ன ஏமாத்திட்டான்’றார்.”

“அப்ப அவர்கிட்ட சொல்றீங்களா?”

அவர் ரப்பர் பேண்டைத் திரும்பவும் நிதானமாகப் போட்டார். “சொல்லலாம் சார். ஆனா அவரு இல்லன்னு சொன்னா இல்லதான் சார். இதுவரைக்கும் ஒருநாள்கூட தப்பா சொன்னதில்ல. அதுதான் எரிச்சலே.”

காபியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

விசாரணை எங்கள் கூட்ட அறையில் நடந்தது. விசாரணை அதிகாரியாக ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஓர் ஓய்வு பெற்ற வக்கீலை அழைத்திருந்தார்கள். நெற்றி நிறைய நாமம், மடியில் தடிமனான ஓர் அகராதி. சர்ச்சைக்குரிய பெட்டி ஒன்று தரையில் வைக்கப்பட்டிருந்தது. நடப்பதை எழுதிக்கொள்ளும் வேலை எனக்கு.

வக்கீல் அகராதியைப் புரட்டினார். வெகுநேரம் புரட்டினார். “மூவடுக்கு என்கிற சொல்லே இதில் இல்லையே” என்றார்.

பிளான்ட் ஹெட் மேசையைத் தட்டினார். “பாத்தீயளா! புஸ்தகத்துலயே இல்ல. இல்லாத வார்த்தைய வச்சு இருக்கிற சரக்கை நிறுத்திப்புட்டாரு.”

“புஸ்தகத்துல இல்லாட்டி இன்னா சார்? குடோன்ல கீதே” என்றார் மூவடுக்கு.

வக்கீல் கண்ணாடியை இறக்கி அவரைப் பார்த்தார். “சரி. அந்தச் சொல்லை ஒரு வாக்கியத்தில் அமைச்சுக் காட்டுங்கோ.”

மூவடுக்கு எழுந்து நின்று, கைகட்டி, பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பது மாதிரி சொன்னார்: “மூவடுக்குப் பெட்டி மேல ஒரு ஆள் உக்காந்தாலும் நசுங்காது.”

“நடுவில் ‘ப்’ போட்டீரா?”

“போட்டேன் சார். அது இல்லாட்டி மூவடுக்கு தனியா, பெட்டி தனியா நிக்கும். அந்த ‘ப்’புதான் சார் பசை.”

வக்கீல் கண்ணாடியைக் கழற்றி அங்கவஸ்திரத்தில் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். “இதை எழுதிக்கொண்டீரா?” என்று என்னிடம் கேட்டார். எழுதிக்கொண்டேன்.

பிறகு அவர் குரலைத் தாழ்த்தி, உதவி செய்கிற தோரணையில் கேட்டார்: “இதோ பாரும். இந்த இரண்டு சொல்லும் வேற வேறன்னு காட்ட ஏதாவது பழைய சம்பவம் இருக்கா? ஒன்றுக்குப் பதிலா ஒன்றைப் போட்டு, இங்கே ஏதாவது குழப்பம் நடந்திருக்கா? அப்படி ஒன்று இருந்தா உம்ம பக்கம் பலம்.”

மூவடுக்கு என்னைப் பார்த்தார். ஒரு கணம்தான். பிறகு மின்விசிறியைப் பார்த்தார்.

“இல்ல சார். ஞாபகம் இல்ல.”

எந்த மாதம் எந்த லாட்டில் எந்த மூலை தூக்கிக்கொண்டிருந்தது என்று சொல்லக்கூடிய மனிதர். நான் ‘ஞாபகம் இல்லை’ என்று எழுதினேன். ‘இல்லை’யில் பேனா நின்றுவிட்டது. எழுந்து நின்றேன்.

“ஐயா, நான் ஒண்ணு சொல்லணும்.”

“நீர் குறிப்பெடுக்கிறவர். சாட்சி சொல்லக் கூடாது.”

“அப்ப பேனாவை வேற யார்கிட்டயாவது குடுத்துடறேன்.”

மூவடுக்குதான் எழுந்து வந்து பேனாவை வாங்கினார். “நான் எழுதறேன் சார்” என்று என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். குற்றம் சாட்டப்பட்டவரே குறிப்பெடுக்க, நான் போர்டு கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். குடோன் நிறைந்தது, ஃபோர்க்லிஃப்ட் மாட்டியது, கழிவறைக் கதவு, எல்லாம். ‘மூன்று அடுக்கு’ என்று எழுதிக்கொடுத்தவன் நான்தான், பெயின்டர் இல்லை என்ற இடம் வந்ததும் அவர் பேனாவை மேசையில் வைத்துவிட்டார்.

“சார், வோணா சார். இத்த மட்டும் எழுதாம வுட்டுடறேன்.”

“எழுதுமய்யா!” என்று வக்கீல் கத்தினார்.

பிளான்ட் ஹெட் முகம் சிவந்து எழுந்தார். “அப்ப அந்தப் பெயின்டரு ஒண்ணும் பண்ணலையா? அஞ்சு வருசமா என்கிட்ட பொய்யாவே சொல்லிட்டுத் திரியுதீரு? சரி, உம்ம நான் அப்புறமா கவனிச்சுக்கிடுதேன். இப்ப இந்த ஒட்டு, பசை கதையெல்லாம் வேண்டாம். பெட்டி நல்ல பெட்டி. ஆள் உக்காந்தா நசுங்காதுன்னு அவரே சொல்லிட்டாருல்லா? நானே உக்காந்து காட்டுதேன்.”

உட்கார்ந்தார்.

முதல் இரண்டு விநாடி கம்பீரமாக இருந்தது. “பாத்தீயளா, ஒண்ணும்...” என்று ஆரம்பித்தார். பெட்டி ஒரு பெருமூச்சு விட்டது. கோபமில்லாத, சலித்துப்போன பெருமூச்சு. அவர் அவசரப்படாமல் உள்ளே இறங்கினார். முழங்கால் தாடையைத் தொட்டது. டை மட்டும் வெளியே கிடந்தது. “தூக்குங்கவே!” என்று உள்ளிருந்து சத்தம் வந்தது. நாங்கள் நாலு பேர் இழுத்தோம். கையில் அவர் வரவில்லை, தாள் தாளாகப் பெட்டிதான் வந்தது. வாசலில் எட்டிப் பார்த்த டிரைவர், “ஃபோர்க்லிஃப்ட் எடுத்தாரவா சார்?” என்று நிஜமான அக்கறையோடு கேட்டார்.

வெளியே எடுத்த பிறகு வக்கீல் குனிந்து கிழிசலில் ஒன்றை எடுத்தார். தன் நகத்தால், ரொம்பக் கூச்சத்தோடு, மூலையைத் தொட்டார். தாள் கழன்று வந்தது. மேசையில் வைத்தார். அடுத்ததைப் பிரித்தார். அதையும் வைத்தார். மூன்று தாளும் ஒரு கீறல் இல்லாமல் வரிசையாகக் கிடந்தன.

“ஒன்று, இரண்டு, மூன்று” என்றார். “எண்ணிக்கைதான். எழுதிக்கொள்ளும்.”

மூவடுக்கு எழுதிக்கொண்டார்.

பசை காய்ச்சும் அறையில் போய்ப் பார்த்தபோது ஒரு தண்ணீர்க் குழாயின் வால்வு பழுதாகி, தொட்டிக்குள் தண்ணீர் ஓயாமல் இறங்கிக்கொண்டிருந்தது தெரிந்தது. கஞ்சிதான் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது, பசை இல்லை. அந்த லாட் முழுவதையும் அழித்தார்கள். அத்தனை நாளும் வாசலில் காத்திருந்த லாரிகள் காலியாகத் திரும்பின. மூவடுக்கின் வேலை தப்பியது. ஆனால் விசாரணை என்று ஒன்று நடந்துவிட்டால் நிர்வாகம் வெறுங்கையோடு போகக் கூடாது அல்லவா? ‘பதிவேட்டில் அங்கீகரிக்கப்படாத சொற்களைப் பயன்படுத்தியதற்காக’ அவருக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். அதையும் நான்தான் தட்டச்சு செய்தேன். அவர் அதை வாங்கிக்கொண்டு போய் ஸ்ரீபெரும்புதூர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் லேமினேஷன் செய்து, மறுநாள் என்னிடம் காட்டினார். “இப்ப அங்கீகாரம் வந்திடுச்சு சார். மூவடுக்கு.”

எனக்கும் ஒரு கடிதம் வந்தது. தமிழ் அறிவிப்பு எழுதுகிற பொறுப்பை என்னிடமிருந்து பிடுங்கி மூவடுக்கிடம் கொடுத்தார்கள். அவர் எழுதிய முதல் அறிவிப்பு கழிவறையில் வந்தது. நான் எழுதியிருந்தால் ‘கழிவறையைத் தூய்மையாக வைத்திருக்க ஒத்துழைக்கவும்’ என்று எழுதியிருப்பேன். அவர் ‘கழுவிட்டுப் போ’ என்று எழுதியிருந்தார். அதற்குப் பிறகு கழிவறை சுத்தமாக இருந்தது என்பதை நான் ஒப்புக்கொண்டாக வேண்டும்.

பெயின்டரைத் தேடிப் போனேன். ஐந்து வருடமாக ஒத்திகை பார்த்த மன்னிப்பைக் கேட்டேன். அவர் தூரிகையைத் துடைத்துக்கொண்டே, “எந்த போர்டு சார்?” என்றார். அவருக்கு ஞாபகமே இல்லை. அது நிம்மதியாகவும் இருந்தது, கொஞ்சம் அவமானமாகவும் இருந்தது.

மூவடுக்கிடம் டீக்கடையில் கேட்டேன். “ஏன்ணா சொல்லல? வேலையே போயிருக்குமே.”

“அன்னிக்கு பெயின்டர் மேல போட்டீங்களே சார், அப்ப உங்க மூஞ்சிய பாத்தேன். அப்பவே பாதி செத்துட்டீங்க. மீதிய நான் எதுக்கு சார்…” என்றவர், வாக்கியத்தை முடிக்காமல் டீயைக் குடித்துவிட்டு, “இன்னிக்கு சக்கரை தூக்கலா கீது” என்றார்.

அடுத்த வருடம் நான் வேலையை விட்டேன். எழுத்து வேலை கிடைத்திருந்தது. கடைசி நாள் சாயங்காலம் வெளியே வந்தால், கேட்டில் மூவடுக்கு நிற்கிறார். அன்று அவருக்கு வார விடுமுறை. இஸ்திரி போட்ட சட்டை. “சும்மா வந்தேன்” என்றார். அப்போது எனக்கு வீடு தண்டலத்தில், நெடுஞ்சாலையை ஒட்டி ஒரு மாடியில். ஒரகடத்தில் பஸ் ஏறினேன். அவரும் ஏறினார். ஸ்ரீபெரும்புதூரில் ஏதோ வேலை இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஸ்ரீபெரும்புதூர் வந்தது, அவர் இறங்கவில்லை. மழையைப் பற்றிப் பேசினார், பஸ் ஓட்டுகிறவரின் ஹாரன் பழக்கத்தைப் பற்றிப் பேசினார். தண்டலத்தில் நான் இறங்கினேன். அவரும் இறங்கினார்.

“சரி சார். நான் கிளம்பறேன்.”

“எங்கண்ணா?”

“வூட்டுக்கு.”

அவர் வீடு இருப்பது நேர் எதிர்த் திசையில். இங்கிருந்து மறுபடி ஒரகடம் போய், அங்கிருந்து படப்பை போய், பிறகு மணிமங்கலம். அதை நான் சொல்வதற்குள் அவர் நெடுஞ்சாலையைக் கடந்து எதிர்ப்பக்க நிறுத்தத்துக்குப் போய்விட்டார். நான் கையாட்டினேன். அவரும் கையாட்டினார். மாடிக்குப் போய்ச் சட்டையைக் கழற்றிவிட்டு ஜன்னலைத் திறந்தேன். லாரிகளுக்கு நடுவே அந்த இஸ்திரிச் சட்டை இன்னும் தெரிந்தது. பஸ் வரவில்லை.

கழற்றிய சட்டையைத் திரும்ப மாட்டிக்கொண்டு இறங்கிப் போய் அவர் பக்கத்தில் நின்றேன். பஸ் வர முக்கால் மணி நேரம் ஆனது. இன்னும் கொஞ்சம் லேட்டாக வந்திருக்கலாம்.